இறையிலியும் இலவசமும்: அரசு ஆதரவைச் சுட்டும் சொற்கள் – சந்தாபுராவை முன்வைத்து

பெங்களூரிலிருந்து ஓசூர்ச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர் எலெக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி, பொம்மசந்திரா ஆகியவற்றைக் கடந்து சந்தாபுராவை அடைவர். ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளுக்கு ஆள் அனுப்பும் ஊர். கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் இந்தியும் இங்கே நாள்தோறும் கலந்து ஒலிக்கின்றன. சாலையின் ஒரு முனையில் ‘தன் காலில் நின்று’ உயர்ந்தவர்களைப் பற்றிய கதைகள் பிறக்கின்றன. மறு முனையில் ‘இலவசத்துக்குப் பழகிப்போனவர்களைப்’ பற்றிய பேச்சு எழுகிறது. இவ்விரண்டும் ஒரே அரசு செய்த உதவியைப் பற்றியவை. ஆயினும் இரண்டிலும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. இச்சொற்பிரிவினை எவ்வாறு அமைந்தது, மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் என்ன பங்கு உண்டு என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தாயிரம் ரூபாய்க் கதை

இன்ஃபோசிஸ் நிறுவனம் 1981இல் புனேயில் எழுவரால் தொடங்கப்பட்டது. என். ஆர். நாராயணமூர்த்தியின் துணைவியார் சுதா மூர்த்தி தம் சேமிப்பிலிருந்து கொடுத்த 10,000 ரூபாயே அதன் முதல் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. தமிழ் வார இதழ்களும் தன்னம்பிக்கை நூல்களும் இதை விரும்பி எடுத்தாள்கின்றன. செய்தி உண்மையே. ஆனால் ஒரு கதை உண்மையாக இருப்பது வேறு, முழுமையாக இருப்பது வேறு. கதையின் முதல் வரியிலேயே ‘தன் காலில்’ நிற்பவருக்கு இன்னொருவர் கை கொடுக்கிறார் என்பதைப் படிப்போர் கவனிப்பதில்லை. வாழ்க்கைத்துணையின் சேமிப்பு ‘உதவி’ என்னும் கணக்கில் வைக்கப்படுவதில்லை.

கதைக்கு வெளியே நிற்பவை இன்னும் பெரியவை. நிறுவனர் கற்றது அரசு நிதியில் இயங்கும் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில். நிறுவனம் 1994இல் தன் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட எலெக்ட்ரானிக் சிட்டி, கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களில் 332 ஏக்கர் நிலத்தில் அமைத்தது. அதற்கு வித்திட்டவர் அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆர். கே. பாலிகா. 1991இல் நிறுவப்பட்ட இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு, வெளிநாட்டோடு தரவுத் தொடர்பு கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில் செயற்கைக்கோள் வழித் தொடர்பை ஏற்பாடு செய்து தந்தது. வருமான வரிச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மென்பொருள் ஏற்றுமதி இலாபத்தின்மீது வரி விலக்கு அளித்தது; அது 2011 மார்ச்சு 31ஆம் நாளோடு முடிவுற்றது. 2013இல் எலெக்ட்ரானிக் சிட்டிக்கெனத் தனித் தொழில் நகரிய ஆணையம் ஏற்பட்டது; தன் எல்லைக்குள் சொத்துவரியைத் திரட்டித் தன் எல்லைக்குள்ளேயே செலவிடும் உரிமை இதனால் அங்குள்ள நிறுவனங்களின் கைக்கு வந்தது. அண்டையிலுள்ள சந்தாபுராவுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

இவற்றைச் சொல்வது அந்நிறுவனர்களின் உழைப்பை மறுப்பதாகாது. 332 ஏக்கரும் வரிவிலக்கும் எல்லோர்க்கும் பொதுவாக இருந்தும் எல்லோரும் இன்ஃபோசிஸ் ஆகவில்லை என்பார் கூற்றில் பொருள் உண்டு. 1980களில் ஒரு கணிப்பொறியை இறக்குமதி செய்யவும் ஒரு தொலைபேசி இணைப்புப் பெறவும் அதே அரசின் வாயிலில் காத்துக்கிடந்த துன்பத்தை நாராயணமூர்த்தி பல இடங்களில் கூறியிருக்கிறார், அதுவும் உண்மையே. இங்கு நம் கேள்வி வேறு: தடுத்த அரசு கதையில் எழுவாயாக வருகிறது, கொடுத்த அரசு வருவதேயில்லை. இது ஏன்?

அவரே 2025 மார்ச்சில் மும்பையில் நடந்த தொழில்முனைவோர் மாநாட்டில், வறுமையை இலவசங்களால் தீர்க்க முடியாது, அவ்வழியில் எந்த நாடும் வென்றதில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். 2023 நவம்பரில் பெங்களூரில் பேசியபோது, தாம் இலவசச் சேவைகளுக்கு எதிரானவர் அல்லர், பெறுவோர் சமூகத்துக்குத் திருப்பிச் செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் கூறியிருந்தார். முன்னதைக் காட்டிலும் பின்னது நுட்பமானது. ஆனால் மக்கள் நினைவில் தங்கியது முன்னதே. பெறுவோர் திருப்பிச் செய்யவேண்டும் என்னும் விதியை நாம் முழுமனத்தோடு ஏற்கலாம். ‘பெறுவோர்’ என்னும் வினையாலணையும் பெயருக்குள் யார் யார் அடங்குவர் என்பதில்தான் சிக்கல்.

ஒரு கருத்து மொழிபெயர்ந்த கதை

‘தன் கையே தனக்கு உதவி’ என்பது நம்மிடம் பழமொழியாகவே உண்டு. ஆயினும் தன்முயற்சியை ஒரு வாழ்க்கைத் தத்துவமாகக் கூறும் நூல்வகை நமக்கு மொழிபெயர்ப்பு வழி வந்தது. இங்கிலாந்தில் 1859இல் வெளிவந்த சாமுவேல் ஸ்மைல்ஸின் தன்னுதவி பற்றிய நூல் இவ்வகைக்கு மூலம். ஸ்மைல்ஸ் இரயில்வே நிறுவனங்களில் செயலாளராகப் பணியாற்றியவர். அக்கால இரயில்வே நிறுவனங்கள் பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டங்களின் வலிமையால்தான் பிறர் நிலத்தைக் கட்டாயமாக வாங்க முடிந்தது. தன்னுதவியை உலகுக்குப் போதித்தவரின் மாதச் சம்பளத்துக்கு அடியில் இப்படியொரு சட்டம் கிடந்தது.

தமிழில் இதற்கு நிகரானதொரு நிகழ்வு நெஞ்சை உறுத்துவது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய்ப் பங்குகள் 40,000. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனமோ, 1856இல் கல்கத்தாவுக்கும் இரங்கூனுக்கும் இடையே அரசின் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தத்தோடு பிறந்தது. அரசு ஒன்றைச் சுமந்தது, மற்றொன்றின் தலைவரைச் சிறையில் இட்டது. அதே வ. உ. சி.தான் ஜேம்ஸ் ஆலனின் நூல்களை ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்னும் பெயர்களில் தமிழாக்கினார். ஒருவனது சூழல் அவனது எண்ணத்தின் விளைவே என்பது ஆலனின் கொள்கை. தம் எண்ணத்தில் எக்குறையும் இன்றியும் சூழலால் முறிக்கப்பட்ட ஒருவர் இக்கொள்கையைத் தமிழுக்குத் தந்தார். இதில் முரண் காண்போர் உண்டு. சிறைப்பட்டவனுக்கு எஞ்சியிருந்த ஒரே உடைமை மனமே என்பதால் அவர் அதைப் பற்றிக்கொண்டார் என்றே இக்கட்டுரையாளன் கருதுகிறான். பின்வந்த தன்னம்பிக்கை நூல்கள் அச்சூழலை உதிர்த்துவிட்டுக் கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டன. துயருற்றவன் தன்னைத் தேற்றிக்கொண்ட சொல், வென்றவன் பிறரை அளக்கும் கோலாயிற்று.

வெட்டி, மானியம், இறையிலி

அரசு ஆதரவைச் சுட்டும் இன்றைய சொற்கள் சிலவற்றின் வரலாற்றைப் பார்ப்போம். கர்நாடக அரசு 2023இல் கொண்டுவந்த மகளிர் பேருந்துப் பயணம், குடும்பத் தலைவியர்க்கு மாதம் 2,000 ரூபாய் முதலிய திட்டங்களை எதிர்ப்போர் ‘பிட்டி பாக்யா’ என எள்ளினர். கன்னடத்தில் ‘பிட்டி’ என்றால் இன்று ஓசியில் கிடைப்பது. இச்சொல் வடமொழி ‘விஷ்டி’ என்பதன் திரிபு என்பர் அகராதியார். அதன் முதற்பொருள் கூலியின்றி வாங்கப்படும் கட்டாய உழைப்பு. தமிழில் ‘வெட்டி’ என்பதும் அதுவே. சோழர் கல்வெட்டுகளில் குடிகள்மீதான கடமைகளுள் ஒன்றாக வெட்டி வருகிறது. இன்று நாம் ‘வெட்டிப் பேச்சு’, ‘வெட்டியாகத் திரிதல்’ என்கிறோம். எளியோரிடமிருந்து விலையின்றி எடுக்கப்பட்டதைக் குறித்த சொல், எளியோர்க்கு விலையின்றித் தரப்படுவதைப் பழிக்கும் சொல்லாகிவிட்டது. பொருள் மாற்றத்தில் இத்தகைய தலைகீழாக்கம் அரிது. பழைய கடன் யார் பக்கம் இருந்தது என்பதே இதில் மறைந்துபோகிறது.

‘மானியம்’ இதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்த சொல். ‘மான்ய’ என்பது மதிப்புக்குரியது எனப் பொருள்படும். கோயிலுக்கும் அந்தணர்க்கும் ஊர் அலுவலர்க்கும் வரியின்றியோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலம் மானியம். பெற்றவர்க்கு அது பெருமை. இன்று எரிவாயு உருளைக்கும் உரத்துக்கும் தரப்படும் தொகைக்கு அப்பெயர் வந்தபின் சொல்லின் மதிப்பும் இறங்கிவிட்டது. பெறுவோரின் தகுதிக்கேற்பச் சொல்லின் தகுதியும் மாறுகிறது.

மூன்றாவது சொல் ‘இறையிலி’. பிரமதேயம், தேவதானம் முதலிய நிலங்கள் இறையிலியாக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் விரிவாகக் கூறும். யார் கொடுத்தார், யார் பெற்றார், நாற்பால் எல்லை எது, எந்தெந்த வரிகள் நீக்கப்பட்டன என்பன அனைத்தும் அங்கு இருக்கும். அவ்வரியை ஊரவை ஏற்கும்பொருட்டு முன்கூட்டியே பொன் கொடுக்கப்பட்ட செய்தியும் சிலவற்றில் உண்டு. அஃதாவது, ஒருவர் செலுத்தாத வரியை வேறொருவர் சுமக்கிறார் என்னும் அறிவு அச்சாசனங்களில் ஒளிவின்றி இருக்கிறது. 10ஏ பிரிவின் கீழ் வந்த விலக்கு இறையிலியே அன்றி வேறன்று. ஆனால் அதற்கு நாம் இட்ட பெயர் ‘வரி விடுமுறை’. ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. இதனை ஆக்கிய மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுவதற்கில்லை. மூலமே அப்படித்தான் இருந்தது. எனினும் விடுமுறை என்பது உழைத்தவர் இளைப்பாறப் பெறுவது. யாருக்கு விடுமுறை, அந்நாளில் அவருடைய வேலையைச் செய்தவர் யார் என்னும் வினாவை அச்சொல் எழுப்பாது, இறையிலி எழுப்பும்.

அரசுகளும் இச்சொற்களின் எடையை அறிந்தே உள்ளன. 2006-07 நிதிநிலை அறிக்கை தொடங்கி நடுவண் அரசு, வரிச்சலுகைகளால் கைவிடப்பட்ட வருவாயைத் தனி அறிக்கையாக வெளியிட்டு வந்தது. 2015 வாக்கில் அதன் தலைப்பு, வரி ஊக்கங்களால் வருவாயில் ஏற்படும் தாக்கம் என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. ‘கைவிடுதல்’ ஒரு செயல், அதைச் செய்தவர் ஒருவர் உண்டு. ‘தாக்கம்’ ஒரு விளைவு, மழைபோலத் தானே வருவது. தமிழ்நாட்டில் மாற்றம் வேறு திசையில் நிகழ்ந்தது. 2011இல் ‘இலவச’ என்பதற்கு ஈடாக ‘விலையில்லா’ என்னும் அடை அரசாணைகளில் புகுந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உரிமைத் தொகை’ எனப் பெயர். முன்னது ஒப்பனை, பின்னது ஒரு வாதம். உதவித்தொகை பெறுபவர் நன்றி சொல்லவேண்டும். உரிமைத் தொகை பெறுபவர் கணக்குக் கேட்கலாம். ஆங்கிலச் செய்தித்தாள்கள் இவ்வேறுபாட்டை உதறிவிட்டு எல்லாவற்றையும் ஓசிப் பொருள் என்னும் ஒரே சொல்லில் அடைத்தன. அதனை மீண்டும் தமிழாக்கும் செய்தியாளர் ‘இலவசம்’ என்றே எழுதுகிறார். சொல் புறப்பட்ட ஊருக்கே வேறு பெயரில் திரும்புகிறது.

இவையனைத்தையும்விட வியப்புக்குரியது ‘சுயசார்பு’. பெங்களூரில் ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) ஆகிய பொதுத்துறை ஆலைகள் எழுந்த காலத்தில் இச்சொல்லின் எழுவாய் நாடு. அரசின் முதலீடே சுயசார்பின் வழி. 1991க்குப் பின் எழுவாய் தனிமனிதர் ஆனார். அரசின் தலையீடு சுயசார்புக்குப் பகையாயிற்று. 2020இல் ‘சுயசார்பு இந்தியா’ என நாடு மீண்டும் எழுவாயானது. அதே முழக்கத்தின் கீழ்ப் பதினான்கு துறைகளின் உற்பத்தியாளர்க்கு ஏறத்தாழ 1.97 இலட்சம் கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. ஊக்கத்தொகை பெற்றுச் சுயசார்படைவதில் யாரும் முரண் காணவில்லை. குடும்ப அட்டையில் அரிசி பெற்றுச் சுயசார்படைவதாக ஒருவர் சொன்னால் நகைப்போம்.

தன்வினையும் பிறவினையும்

சொல்லோடு நில்லாமல் வாக்கிய அமைப்புக்கும் இப்பிரிவினை சென்றிருக்கிறது. தமிழில் வளர்ந்தது–வளர்த்தது, எழுந்தது–எழுப்பியது, உருவானது–உருவாக்கியது என வினைகள் இணையாக அமைகின்றன. தொழில் வளர்ச்சி பற்றிய எழுத்தில் ‘எலெக்ட்ரானிக் சிட்டி உருவானது’, ‘மென்பொருள் துறை வளர்ந்தது’ எனத் தன்வினையே மிகுதி. நலத்திட்டங்களைப் பற்றிய எழுத்தில் ‘வழங்கினார்’, ‘அளித்தது’, ‘வழங்கப்பட்டது’ என வழங்கல் வினைகளும், ‘ஏழைகளுக்கு’, ‘பயனாளிகளுக்கு’ என நான்காம் வேற்றுமையும் நிறைந்திருக்கும். அங்கே கொடுப்பவர் மறைவதில்லை. தமிழ்நாட்டில் மாணவர்க்குத் தந்த மடிக்கணினியில் முதலமைச்சரின் படமே அச்சிடப்பட்டிருந்தது. ஒரு பக்கம் கொடுத்தவர் அறவே இல்லை, மறுபக்கம் கொடுத்தவர் அளவுக்கு மீறி இருக்கிறார்.

தொல்காப்பியர் சொல்லதிகார எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் கேட்போரின் நிலைக்கேற்ப வகுத்தார்: தாழ்ந்தோர் கேட்பதற்கு ஒன்று, நிகரானோர்க்கு ஒன்று, உயர்ந்தோர்க்கு ஒன்று. உயர்ந்தோரும் இரப்பர் என்று அவர் எடுத்துக்கொண்டதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மூன்றும் அவருக்கு இரவின் சொற்களே. இன்றைய வழக்கில் உயர்ந்தோர் இரத்தலுக்குச் சொல்லே இல்லை. அவர்கள் ‘முதலீட்டுக்கு உகந்த சூழலை’ எதிர்பார்க்கிறார்கள்.

இதனால் விளைவது சொல்லழகுச் சிக்கல் மட்டுமன்று, நம்பிக்கைச் சிக்கல். ‘நான் யாரிடமும் கை நீட்டியதில்லை’ என்று உயர்நிலைப் பணியாளர் ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. சாலையாகவும் கல்விக்கூடமாகவும் சட்டப்பிரிவாகவும் வரும் ஆதரவுக்குக் கை நீட்ட வேண்டியதில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்குபவர் மெய்யாகவே கை நீட்டுகிறார்: கைரேகைக் கருவியில் விரல் பதிந்தால்தான் அரிசி. ஒருவருடைய உதவி நிலமாகக் காலடியில் கிடக்கிறது, மற்றவருடையது பொட்டலமாகக் கையில் இருக்கிறது. தன் காலில் நிற்பதைப் பற்றிய மரபுத்தொடர் காலை மட்டுமே சொல்லும், நிலத்தைச் சொல்லாது.

இடைநிலையில் நிற்போர் நிலை இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் 2010 முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அச்சான்றிதழோடு பொறியியல் முடித்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்த தமிழ் இளைஞர் பலர். அவர்களுள் சிலர் சில ஆண்டுகளில் இலவசங்களை இகழத் தொடங்குவது உண்டு. இதை நன்றிகெட்ட தன்மை என்று சொல்லிவிடுவது எளிது. அவர்களுக்குத் தம் வாழ்க்கையைச் சொல்வதற்குக் கிடைத்த கதைவடிவம் ஒன்றே ஒன்று. அதில் சலுகைக்கு இடமில்லை. கதையில் இடம் பெற வேண்டுமாயின் சான்றிதழை மறைக்க வேண்டும். மதிய உணவும் கட்டணச் சலுகையும் தம்மை ஆளாக்கின என்று தலைநிமிர்ந்து சொல்லும் உரைநடையை நாம் இன்னும் போதிய அளவு ஆக்கவில்லை.

நிறுவனத்துக்குத் தருவது முதலீடு, மக்களுக்குத் தருவது செலவு; இரண்டையும் ஒப்பிடுவது பிழை என்பார் உண்டு. எது முதலீடு என்பது ஆராய்ந்து முடிவு காணவேண்டிய பொருளியல் வினா. பெண் ஒருவர் கட்டணமின்றிப் பேருந்தில் வேலைக்குப் போவது முதலீடா செலவா என்பதைச் சொல்லே முன்கூட்டி முடிவுசெய்துவிடலாகாது என்பதுதான் நம் வாதம்.

எல்லைக்கு இருபுறமும்

சந்தாபுராவிலிருந்து சாலை அத்திப்பள்ளியில் மாநில எல்லையைத் தொட்டு ஓசூருக்குள் நுழைகிறது. அங்கே தமிழ்நாட்டின் சிப்காட் தொழிற்பேட்டை. இங்கே கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்தின் பேட்டைகள். ஒரு நிறுவனம் இவ்வெல்லையை அணுகும்போது இரு அரசுகளும் சலுகைகளை ஏந்திப் போட்டியிடுகின்றன. ஒரு தொழிலாளி அணுகும்போது நிலை தலைகீழ். கிருட்டிணகிரியிலிருந்து வந்து சந்தாபுராவில் வாடகைக்குக் குடியிருக்கும் பெண்ணுக்குத் தமிழ்நாட்டின் கட்டணமில்லாப் பயணம் எல்லைக்கு அப்பால் நின்றுவிடுகிறது. கர்நாடகத்தின் ‘சக்தி’ திட்டமோ அம்மாநிலத்தில் குடியுரிமை காட்டும் அட்டை உடையவர்க்கே. அவர் பயணச்சீட்டு வாங்கித்தான் வேலைக்குப் போகிறார். இவ்வகையில் இந்நாட்டில் மெய்யாகவே தன் காலில் நிற்பவர் அவரே. ஆனால் அவரைப் பற்றித் தன்னம்பிக்கை நூல் எதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடமும் பொம்மசந்திராவோடு முடிகிறது.

இறுதியாக, சந்தாபுரா ஏரியைப் பற்றிய ஒரு வாக்கியம். தொழிற்சாலைக் கழிவும் குடியிருப்புக் கழிவுநீரும் கலந்து பாழான இவ்வேரியின் பொருட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. மொழிபெயர்ப்பு வகுப்புகளுக்கு இதனைப் பயிற்சி வாக்கியமாகக் கொடுக்கலாம். ‘அரசு இழப்பீடு செலுத்த வேண்டும்’ என்பதில் எழுவாய் அரசு, இழந்தது ஏரி, செலுத்தப்படும் பணம் சந்தாபுராவில் பயணச்சீட்டு வாங்குபவரும் உள்ளிட்ட மக்களுடையது. கழிவை விட்டு அந்த அளவுக்குத் தம் செலவைக் குறைத்துக்கொண்டவர் இவ்வாக்கியத்தில் எந்த வேற்றுமையில் வருகிறார் என்று மாணவரைத் தேடச் சொல்லலாம். அவர் பெற்றதற்கு மானியம் என்றோ சலுகை என்றோ இலவசம் என்றோ எந்த அகராதியும் இதுவரை பெயர் தரவில்லை.